பிளண்டர்பஸ்: இடியைக் குறித்த சொல்லில் பிழை புகுந்தது எப்படி?

என் அக்கா மகன் எட்டு வயதில் பள்ளி மைதானத்தில் ஓடும்போது தடுக்கி விழுந்தான். மேல்வரிசை முன்பல்லில் நல்ல அடி. பால்பல் அல்ல, முளைத்துச் சில மாதங்களே ஆன நிலைப்பல். ரத்தம் நின்றதும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். அடுத்த ஆண்டு அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறி, அதன் மேல் ஈறில் ஒரு கொப்புளம் கிளம்பியது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குப் பெட்டியில் செருகிக் காட்டினார். பக்கத்துப் பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகத் தொடங்கியிருந்தது. அடிபட்ட பல்லின் வேரோ, நுனியில் எக்காளத்தின் வாயைப்போல விரிந்து கிடந்தது. கோப்பில் அவர் எழுதிய குறிப்பின் முதல் சொல்: ‘பிளண்டர்பஸ்’.

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் இருப்பவன் நான். அந்தச் சொல்லைத் தலையங்கங்களில் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவமனையில் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. “இது ஒரு பழைய துப்பாக்கியின் பெயர் அல்லவா, டாக்டர்?” என்று கேட்டேன். “ஆமாம். படத்தைப் பாருங்கள், அந்தத் துப்பாக்கிதான் தெரிகிறது” என்றார். நாற்காலியில் சாய்ந்திருந்த பையன் வாயை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். “என் பல்லுக்குள் துப்பாக்கியா, மாமா?”

அவனுக்கு அன்று சொன்ன பதிலைவிட முழுமையான பதில் ஒன்று இருக்கிறது.

பிளண்டர்பஸ் என்பது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் புழங்கிய ஒரு குட்டையான துப்பாக்கி. குழல் அகலமானது, வாய்ப்பகுதி புனலைப்போல வெளிப்புறம் விரிந்திருக்கும். ஒரே குண்டுக்குப் பதிலாகப் பல ஈயக் குண்டுகளை ஒரே வேட்டில் கக்கும். கிட்டத்தில் பயங்கரமானது, தூரத்தில் பயனற்றது. பழைய படங்களில் கடற்கொள்ளையர்கள் கையில் ஊமத்தம்பூபோல வாய் விரிந்த துப்பாக்கி ஒன்று இருக்குமே, அதுதான்.

பெயர் வந்தது டச்சு மொழியிலிருந்து. அங்கே அது ‘டொண்டர்பஸ்’. ‘டொண்டர்’ என்றால் இடி. ‘பஸ்’ என்றால் முதலில் பெட்டி, டப்பா, பிறகு குழாய், பிறகு துப்பாக்கி. ஆக, இடித்துப்பாக்கி. இந்த ‘பஸ்’ நாம் ஏறும் பஸ் அல்ல; அது ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வால்துண்டு. துப்பாக்கியின் ‘பஸ்’ இன்னும் பழையது. மரப்பெட்டியைக் குறித்த கிரேக்கச் சொல் ஒன்று லத்தீன் வழியாக ஜெர்மானிய மொழிகளுக்குள் நுழைந்து, டப்பாவாகி, வெடிமருந்து வந்த காலத்தில் துப்பாக்கியாகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘பாக்ஸ்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். வெடிமருந்தை அடைத்துத் தீ வைக்கும் இரும்புக் குழாயை முதலில் பார்த்தவர்கள் அதைப் பெட்டி என்று அழைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. புதிய பயங்கரத்துக்குப் பெயர் வைக்க வீட்டுச் சாமான்தான் கைகொடுத்திருக்கிறது.

அந்த டச்சுக்காரர்கள் நமக்கும் அந்நியர்கள் அல்லர். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, அங்கே வெடிமருந்து ஆலை நடத்தி, ஆசியா முழுவதும் இருந்த தங்கள் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் அனுப்பியவர்கள் அவர்கள். கடலில் டச்சுக்காரர்களோடு வியாபாரமும் சண்டையுமாக இருந்த ஆங்கிலேயர்கள் 1650-களில் இந்தச் சொல்லைத் தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள் அப்படியே எடுக்கவில்லை. ‘டொண்டர்’ ஆங்கிலக் காதில் ஒட்டவில்லை. ‘பிளண்டர்’ ஒட்டியது, அது ஏற்கெனவே அவர்களிடம் இருந்த சொல். தடுமாறுவது, குருட்டுத்தனமாகச் செய்து கெடுப்பது என்று பொருள். குறி பார்க்காமல் சுடும் துப்பாக்கிக்கு அது பொருத்தமாகவும் தோன்றியது. இடி போனது, பிழை வந்தது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பக்கிங்காம் கால்வாய்மேல் இருந்த ஹாமில்டன் பாலம், மக்கள் வாயில் ‘அமிட்டன்’ என்று தேய்ந்து ‘அம்பட்டன் வாராவதி’ ஆனது. பிறகு வந்த ஆங்கிலேயர் அந்தத் தமிழ்ப் பெயருக்குப் பொருள் கேட்டு, முடிதிருத்துபவரின் பாலம் என்று தங்கள் மொழியில் திருப்பி எழுதினார்கள். அந்தப் பாலத்துக்கும் முடிதிருத்துபவர் எவருக்கும் தொடர்பு இல்லை. காது தனக்குத் தெரிந்த சொல்லைத் தேடியது, பொருள் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது. டொண்டர்பஸ்ஸுக்கு நடந்ததும் இதுதான்.

‘துப்பாக்கி’ என்ற சொல்லே இந்த ரகம். அது துருக்கி மொழிச் சொல். பாரசீகம், உருது என்று பல கைமாறி, தெலுங்கில் ‘துபாகி’, தமிழில் ‘துப்பாக்கி’. ஆனால் குண்டைத் ‘துப்பு’வதால் துப்பாக்கி என்று விளக்கம் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்க் காது அந்தச் சொல்லை அவ்வளவு வசதியாக உட்காரவைத்துவிட்டது. இன்னொரு வியப்பு, அந்த எழுத்துகள் குறளிலேயே இருக்கின்றன:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்துத் தந்து, தானும் அவர்களுக்கு உணவாவது மழை. இங்கே ‘துப்பாக்கி’ என்றால் ‘உணவை ஆக்கி’. சுடும் கருவி தமிழ்நாட்டுக்கு வந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. ஒரே ஒலியில் ஒருபுறம் மழையும் சோறும், மறுபுறம் குண்டும் மருந்தும். பள்ளியில் இந்தக் குறளைப் படித்தபோது வகுப்பே சிரித்தது. ஆசிரியர் பொறுமையாக நின்று சொல்லைப் பிரித்துக் காட்டினார். சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று தொற்றியது.

‘பீரங்கி’யும் இப்படி வந்ததுதான், ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்ற சொல் அவர்கள் இழுத்துவந்த ஆயுதத்தின் பெயரானது. நம் ஆயுதச் சொற்களில் சொந்தமாக முளைத்தவை வேறு இடத்தில் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் ‘துப்பாக்கி ரவைகள் மீட்பு’ என்று எழுதுகின்றன. உப்புமா ரவைதான், குறுநொய்போன்ற ஈயச் சிதறலுக்கு வைத்த பெயர் பின்னர் தோட்டாவுக்கும் ஆகிவிட்டது. பெட்டி துப்பாக்கியான கதைக்கு இது தங்கை முறை.

சரி, அந்த வாய் ஏன் விரிந்திருந்தது?

குண்டுகள் விசிறிபோலப் பரவுவதற்காக என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்களில் பலரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். குண்டுகள் பக்கவாட்டில் பரவட்டும் என்று வாயை நீள்வட்டமாகத் தட்டிச் செய்தவர்களும் உண்டு. உண்மையில், குண்டுகள் குழலின் குறுகிய பகுதியிலேயே தங்கள் திசையைப் பெற்றுவிடுகின்றன. வாய் விரியும் இடத்துக்கு வரும்போது குழலின் சுவர் அவற்றைத் தொடுவதே இல்லை. அதனால் விரிந்த வாய் குண்டுகளைப் பரப்புவது மிகக் குறைவு.

அப்படியானால் அதன் பயன்? மண்ணெண்ணெய் வாங்கப் போகும்போது கேனோடு புனல் எடுத்துப் போன தலைமுறைக்கு இது எளிதாகப் புரியும். அந்தக் காலத் துப்பாக்கிகளை வாய்வழியாகத்தான் நிரப்ப வேண்டும். முதலில் அளந்த மருந்து, அதன்மேல் ஒரு அடைப்பு, பிறகு குண்டுகள், எல்லாவற்றையும் ஒரு கோலால் கெட்டித்துக் குத்த வேண்டும். நிலையான தரையில் நிற்கும் சிப்பாய்க்கு அது பழகிய வேலை. ஆடும் கப்பல் தளத்திலும் குலுங்கும் குதிரை வண்டியிலும் கைநடுக்கத்தோடு செய்பவனுக்குப் பாதி மருந்து வெளியே கொட்டிவிடும். அவனுக்குத்தான் அந்தப் புனல். கடலில் பயன்பட்டவற்றுக்குப் பித்தளைக் குழல் வைத்தார்கள், உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க. கைக்குக் கிடைத்த ஆணி, கல், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் போட்டு வெடிப்பார்கள் என்பதும் பெரும்பாலும் கதைதான். தன் துப்பாக்கிக் குழல் கீறிப் பாழாவதை எவன் விரும்புவான்? வழக்கமான தீனி ஈயக் குண்டுகளே.

இன்னொரு பயனும் இருந்தது. எதிரில் நிற்பவனுக்கு அந்த அகன்ற வாய் ஒரு கிணறுபோலத் தெரியும். சில பிளண்டர்பஸ்களின் குழலில் ஒரு வாசகத்தையே பொறித்திருக்கிறார்கள்: ‘என்னிடமிருந்து தப்பியவன் பாக்கியவான்.’ கிட்டே வந்தவன்தான் அதைப் படிக்க முடியும். கிட்டே வந்தவனுக்குத்தான் அது ஆபத்து.

இந்த ஆயுதம் அதிகம் பேர் கண்ணில் பட்டது போர்க்களத்தில் அல்ல, அஞ்சல் வண்டியில். இங்கிலாந்தில் அஞ்சல் பைகளைக் குதிரையில் தனியாகக் கொண்டுபோன பையன்கள் வழிப்பறிக்காரர்களிடம் சிக்கிக்கொண்டே இருந்தார்கள். பாத் நகரத்தில் நாடக அரங்கு நடத்திவந்த ஜான் பால்மர், அஞ்சலைக் காவலனோடு வேகமான குதிரை வண்டியில் அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். 1784 ஆகஸ்ட் 2 அன்று மாலை பிரிஸ்டலில் கிளம்பிய முதல் வண்டி, 16 மணி நேரத்தில் மறுநாள் காலை லண்டனைச் சேர்ந்தது. வண்டியும் குதிரைகளும் குத்தகைக்காரர்களுடையவை. பின்னிருக்கையில் அஞ்சல் பெட்டியின்மேல் கால்வைத்து உட்கார்ந்திருந்த காவலன் மட்டுமே அஞ்சல் துறையின் ஆள். சிவப்புக் கோட்டு, ஊதுகொம்பு, நேரம் பார்க்கப் பூட்டிய கடிகாரம், இரண்டு கைத்துப்பாக்கிகள், ஒரு பிளண்டர்பஸ். இவ்வளவும் அவன் பொறுப்பு.

ஆயுதம் கையில் இருக்க, கொள்ளையர் வராத நாட்களில் என்ன நடந்தது? வேல்ஸ் நாட்டு இயற்கையியலாளர் தாமஸ் பெனன்ட் 1792-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு எழுதி வெளியிட்ட கடிதத்தில் குமுறியிருக்கிறார். அரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும் இந்தக் காவலர்கள் வழியில் தென்படும் நாய், பன்றி, ஆடு, கோழி எல்லாவற்றையும் சுடுகிறார்கள், ஊருக்குள்ளும் சுடுகிறார்கள், அற்பச் சச்சரவில் ஒரு சுங்கச்சாவடிக் கிழவரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன் என்று எழுதினார். அந்தக் கிழவரின் நினைவு இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது. கொள்ளையரிடமிருந்து காக்கக் கொடுத்த ஆயுதம் முதலில் பாய்ந்தது கேட்டைத் திறந்துவிடும் ஏழைமேல்.

இந்தியாவிலும் அது செய்யப்பட்டது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகளில் உருவான துப்பாக்கிகளில் பிளண்டர்பஸ்களும் உண்டு. 1799-இல் கோட்டை விழுந்தபின் அங்கிருந்த ஆயுதங்கள் சூறையாகவும் பரிசாகவும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

அடுத்த நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்து அஞ்சல் வண்டியை ஒழித்தது. குழலின் பின்பக்கமாக மருந்தேற்றும் புதிய துப்பாக்கிகள் வந்து புனல்வாயைத் தேவையற்றதாக்கின. நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் தொகுத்தவர்கள் பிளண்டர்பஸ்ஸுக்குப் பொருள் எழுதியபோது, குட்டையானது, அகன்ற குழலுடையது, சரியாகக் குறி பார்க்காமலேயே குறைந்த தூரத்தில் ஆளை வீழ்த்த வல்லது என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஒன்றைச் சேர்த்தார்கள்: நாகரிக நாடுகளில் இப்போது இதன் இடத்தை வேறு துப்பாக்கிகள் பிடித்துவிட்டன. அந்த அடைப்புக்குறி என்னை உறுத்துகிறது. 1884-இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி பிறந்துவிட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அது ஆப்பிரிக்காவில் ஈட்டியோடு ஓடிவந்தவர்களை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டுகளால் வரிசை வரிசையாகச் சாய்த்தது. பழைய துப்பாக்கியைக் கைவிட்டது நாகரிகத்தால் அல்ல, அதைவிட நன்றாகக் கொல்லும் கருவி கிடைத்ததால். அகராதி எழுதுபவரின் கை எவ்வளவு நிதானமானதாக இருந்தாலும், காலத்தின் கர்வம் ஒரு சொல்லிலாவது கசிந்துவிடுகிறது.

துப்பாக்கி போய்விட்டது, சொல் மட்டும் தங்கியது. இன்று ஆங்கில இதழ்களில் அதைப் பார்த்தால், பெரும்பாலும் அது ஒரு சட்டத்தையோ வரியையோ தடையாணையையோ பற்றியதாக இருக்கும். ஒரு சிறு குற்றத்தைத் தடுக்க ஊருக்கே ஊரடங்கு போட்டால் அது பிளண்டர்பஸ் நடவடிக்கை. எதிராளிமேல் நாற்பது குற்றச்சாட்டுகளை அள்ளி வீசி, எதாவது ஒன்று ஒட்டட்டும் என்று காத்திருந்தால் அது பிளண்டர்பஸ் வாதம். இலக்கைத் தவிர சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அடிக்கும் வேலை என்று பொருள். ஆளைக் குறித்தும் வழங்குவதுண்டு: தொட்டதையெல்லாம் தடுமாறிக் கெடுக்கும் மனிதர். காது செய்த பிழைதான் இந்தக் கடைசிப் பொருளைப் பெற்றது. ‘டொண்டர்பஸ்’ என்றே நின்றிருந்தால் இந்தப் பொருள் பிறந்திருக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘பிளண்டர்பஸ் வரி’ என்பதை நான் ‘தவறான வரிவிதிப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த உதவி ஆசிரியர் கூப்பிட்டார். “தம்பி, இதில் தவறு எங்கே இருக்கிறது? துப்பாக்கி அல்லவா இருக்கிறது?” என்று கேட்டு, சிவப்பு மையால் அடித்து, ‘கண்மூடித்தனமான வரிவிதிப்பு’ என்று மாற்றினார். அது சரியான திருத்தம். கட்டுரையாளர் அந்த வரியே கூடாது என்று சொல்லவில்லை, அது யார் யார்மேலெல்லாம் விழுகிறது என்றுதான் கேட்டிருந்தார். இரண்டும் வேறு வாதங்கள். இப்போது எழுதினால் இடத்தைப் பார்த்து ‘குறி பார்க்காத வரி’ என்றும் எழுதுவேன். ‘மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது’ என்று நம்மிடம் ஒரு தொடர் இருக்கிறது. பல இடங்களில் அதைவிட நெருக்கமான தமிழாக்கம் கிடையாது. துப்பாக்கியையே குறித்தால் ‘அகல்வாய்த் துப்பாக்கி’ என்று எழுதலாம். படிப்பவருக்கு உடனே உருவம் தெரியும்.

அரசியல் கட்டுரையாளர்களும் வழக்குரைஞர்களும் அந்தத் துப்பாக்கியிலிருந்து எடுத்துக்கொண்டது குண்டு சிதறுவதை. விரிந்த வாயால் எங்கும் பரவும் என்ற பழைய நம்பிக்கையின்மேல் நிற்கும் உவமை அது. பல் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது வெறும் உருவத்தை, உள்ளே சீராக வந்து நுனியில் அகலும் குழலை. துப்பாக்கிக்கு அதிக விசுவாசமாக இருப்பவர்கள் பல் மருத்துவர்களே என்பது என் முடிவு. அவர்கள் கண்ணால் பார்த்ததற்குப் பெயர் வைத்தார்கள்.

முன்பல் ஏழெட்டு வயதில் ஈறைக் கிழித்து வெளியே வந்துவிட்டாலும், உள்ளே அதன் வேர் வளர்ந்து முடிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடிபட்டுப் பல்லின் உயிர்த்தசை செத்துவிட்டால், வேர் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். சுவர் மெல்லியது, நுனி திறந்தது. சாதாரண வேர் சிகிச்சையில் நுனி குறுகலாக இருப்பதால், உள்ளே அடைக்கும் பொருள் அங்கே இறுகி நிற்கும். இங்கே அடைத்தால் அது அடிப்பக்கமாக நழுவி எலும்புக்குள் போய்விடும். ஆகவே முதலில் நுனிக்கு ஒரு மூடி செய்ய வேண்டும். முன்பு கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்துவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, உடலே ஒரு கெட்டியான தடுப்பை உண்டாக்கும்படி செய்வார்கள். 1990-களில் வந்த எம்.டி.ஏ. என்ற பொருளால் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. கட்டடம் கட்டும் போர்ட்லேண்ட் சிமெண்டின் நெருங்கிய உறவு அது; ஈரத்திலேயே இறுகும்.

என் அக்கா மகனுக்கும் அதைத்தான் வைத்தார்கள். நாலைந்து மில்லிமீட்டர் அளவுக்கு நுனியில் பூசி, இறுகவிட்டு, மீதியை அடுத்த முறை அடைத்தார்கள். வேலை முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயில், துப்பாக்கியின் வாய் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு அடைப்பு தெரிந்தது. வேர் இனி நீளாது, சுவரும் தடிக்காது என்பதால், கரும்பையும் முறுக்கையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். பையன் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வாயை அடைத்துவிட்டார்கள், மாமா. இனி வெடிக்காது” என்றான்.